சாவு வீட்டுச் சிரிப்பு: ‘ஊடன் ஓவர்கோட்ஸ்’ கேட்ட அனுபவங்கள்

வேலூர், சத்துவாச்சாரியிலிருந்து:

கடந்த ஆடி மாதம் காட்பாடியில் ஏறிச் சென்னைக்குப் போகும்போதுதான் ‘ஊடன் ஓவர்கோட்ஸ்’ என்னும் ஆங்கில பாட்காஸ்டை, அதாவது இணையத்தில் கேட்கும் நகைச்சுவை ஒலி நாடகத் தொடரை, முதன்முதலாகக் கேட்டேன். மர மேலங்கி என்று பொருள்படும் அந்தப் பெயர், ஆங்கிலப் பேச்சு வழக்கில் சவப்பெட்டியைக் குறிக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட ஒரு குட்டித் தீவில், ருட்யார்ட், ஆன்டிகனி என்ற உடன்பிறப்புகள் பரம்பரையாக ஈமச்சடங்கு நிலையம் நடத்திவருகிறார்கள். அதற்கு எதிரிலேயே எரிக் சாப்மன் என்ற புதியவர் இன்னொரு நிலையத்தைத் திறக்கிறார். அவர் எல்லோருக்கும் இனியவராகவும், எடுத்த வேலையைத் திருத்தமாக முடிப்பவராகவும் இருப்பதுதான் பழைய நிலையத்துக்கு வந்த கேடு. டேவிட் கே. பார்ன்ஸ் உருவாக்கிய இத்தொடர் 2015-இல் தொடங்கி, நான்கு பருவங்களுடன் 2022-இல் நிறைவடைந்தது.

அரக்கோணம் தாண்டுவதற்குள் நான் இரண்டு முறை வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பெரியவர் காரணம் கேட்டார். பிணத்தை அடக்கம் செய்வதில் இரண்டு கடைக்காரர்களுக்குள் போட்டி என்று நான் விளக்கியதும், அவர் என்னைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வீட்டிலும் வரவேற்பு அவ்வளவுதான். மாலையில் ஒலிபெருக்கியில் போட்டபோது, “விளக்கு வைக்கிற நேரத்தில் சாவுப் பேச்சு எதற்கு?” என்று மனைவி அணைக்கச் சொல்லிவிட்டாள். உங்களில் யாராவது இதை வீட்டாரோடு சேர்ந்து கேட்டதுண்டா?

குடியாத்தத்திலிருந்து:

நான் கேட்டேன் ஐயா. கேட்டது மட்டுமல்ல, என் மாமியாருக்குத் தமிழில் சொல்லியும் காட்டினேன். அவர் மதியத்தில் பீடி சுற்றிக்கொண்டே கதை கேட்பவர். முகஞ்சுளிப்பார் என்று அஞ்சியிருந்தேன். அவரோ கணக்குக் கேட்டார். “அந்தத் தீவில் மொத்தம் எத்தனை தலைக்கட்டு இருக்கும்? வருசத்துக்கு எத்தனை பேர் சாவார்கள்? அதில் இரண்டு கடைக்கு எப்படிப் பிழைப்பு ஓடும்?” என்று அவர் அடுக்கியபோது, தொடரின் நகைச்சுவை முழுவதும் எந்த ஆணியில் தொங்குகிறதோ அதையே பிடித்துவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. சாவைப் பற்றிய கேலி என்று எல்லோரும் சொல்லும் இக்கதை, உண்மையில் பெட்டிக்கடைக்கு எதிரே இன்னொரு பெட்டிக்கடை வைத்தால் வருகிற வயிற்றெரிச்சலைப் பற்றியதுதான். கதையைச் சொல்வது அந்த வீட்டில் வாழும் மேடலின் என்ற எலி என்றதும், “எலிக்குத்தான் எந்த வீட்டிலும் உள்விவகாரம் எல்லாம் தெரியும்” என்றார். இப்போது எலி என்ன சொன்னது என்றுதான் தினமும் கேட்கிறார். மனிதர்களின் பெயர்கள் அவருக்கு வாயில் நுழையவில்லை.

ஆரணியிலிருந்து:

நான் சற்று மாறுபடுகிறேன். என் தாய்மாமன் அமரர் ஊர்தி ஓட்டுகிறார். ஐஸ் பெட்டியும் வாடகைக்கு விடுகிறார். அவருக்கு முதல் இரண்டு பகுதிகளின் கதையைச் சொன்னேன். உடலைப் பெட்டியிலும் பெட்டியைக் குழியிலும் குறித்த நேரத்தில் சேர்ப்போம் என்று ருட்யார்ட் பெருமையடிக்கும் இடத்தில் மட்டுமே அவர் சிரித்தார். “குறித்த நேரமா? துபாயிலிருந்து மகன் வர வேண்டும், ராகுகாலம் கழிய வேண்டும், பிறந்த வீட்டுக் கோடி வந்து சேர வேண்டும், அதற்குள் பங்காளிகள் சண்டை ஓய வேண்டும், நான் வண்டியிலேயே தூங்கி எழுந்த நாட்கள் உண்டு” என்றார். மற்ற இடங்களில் அவர் சிரிக்கவில்லை. காரணத்தை அவர் சொல்லவில்லை, நானே ஊகித்தேன். அந்தத் தீவில் ருட்யார்டை ஊரார் வெறுப்பது அவருடைய குணத்துக்காக. நம் பக்கத்தில் பறை அடிப்பவரையும் குழி வெட்டுபவரையும் தள்ளி நிறுத்துவதற்குக் குணம் ஒரு பொருட்டே அல்ல, பிறப்பே போதும். ஆகவே, இதை அப்படியே தமிழாக்கி நம் ஊர்ச் சுடுகாட்டுக்குக் கொண்டுவந்தால் நன்றாக இருக்கும் என்று சிலர் சொல்லும்போது எனக்குத் தயக்கம் ஏற்படுகிறது. யார் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டியிருக்கும்.

சத்துவாச்சாரியிலிருந்து மீண்டும்:

ஆரணி நண்பர் சொன்னது என்னை இரண்டு நாட்கள் யோசிக்க வைத்தது. சாவு வீட்டில் சிரிப்பது வெள்ளைக்காரர்களின் வழக்கம் என்று என் மனைவி கூறியபோது நானும் பாதி நம்பினேன். ஆனால் செய்யாற்றுப் பக்கத்துச் சிற்றூரில் என் பாட்டியின் கருமாதி இரவில் கர்ண மோட்சக் கூத்து வைத்தது பிறகுதான் நினைவுக்கு வந்தது. வடாற்காட்டில் கருமாதிக்கு அந்தக் கூத்தை ஆடுவது இன்றும் உள்ள வழக்கம். எனக்கு அப்போது 12 வயது. திரைக்குப் பின்னால் கர்ணன் நிற்க, கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் வந்து நின்று, பாட்டி வெற்றிலைக்குக் கடன் வைத்துவிட்டுப் போன கதையையும், அந்தக் கடனை எந்த மகன் தீர்ப்பது என்ற வழக்கையும் எடுத்துவிட்டான். அழுது கண் வீங்கியிருந்த அத்தைகள்கூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார்கள். விடியும் நேரத்தில் கர்ணன் தன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற்றபோது அதே அத்தைகள் மறுபடியும் அழுதார்கள்.

கட்டியக்காரன் அன்று சிரித்தது செத்தவளைப் பார்த்தல்ல, பங்கு பிரிக்கக் காத்திருந்தவர்களைப் பார்த்து. என் பெரியப்பாவின் முகம் போன போக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. ஆரணி நண்பர் கேட்ட கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இவ்வளவே.

மனைவியிடம் இந்தக் கூத்து நினைவைச் சொன்னேன். அவள் பிறந்த ஊரிலும் அப்படித்தானாம். இப்போது வெள்ளிக்கிழமையும் விளக்கு வைத்த பிறகும் கேட்பதில்லை என்ற உடன்பாட்டின் பேரில், ஞாயிறு முற்பகலில் ஒரு பகுதி கேட்கிறோம். ஆங்கில உச்சரிப்பு வேகமாக இருப்பதால் சில இடங்களை இரண்டு முறை ஓட்ட வேண்டியிருக்கிறது. இரண்டாம் பருவத்தில் பாதி வந்திருக்கிறோம். குடியாத்தம் அம்மாவின் மாமியார் எந்தப் பகுதியில் இருக்கிறார் என்று தெரிவித்தால், அவருக்குப் பின்தங்கிவிடாமல் பார்த்துக்கொள்வோம்.