குதிரை வழிச் சிகிச்சை மாநாட்டுக்குப் போகிறேன்: எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும்?

அம்மாபேட்டை ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். சேலத்தில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான சிறிய பகல்நேர மையம் ஒன்றில் சிறப்பாசிரியையாக இருக்கிறேன். குதிரைகளின் துணையோடு செய்யும் சிகிச்சை, கற்றல் பற்றி அடுத்த மாதம் பெங்களூரில் மாநாடு நடக்கிறது. மையத்தின் சார்பில் என்னை அனுப்புகிறார்கள். ஒரே நேரத்தில் மூன்று அரங்குகளில் அமர்வுகள்: ஒன்றில் ஹிப்போதெரபி (குதிரையின் அசைவைப் பயன்படுத்தும் சிகிச்சை), ஒன்றில் குதிரையோடு கற்றல், மற்றொன்றில் குதிரைப் பராமரிப்பு. கடைசி நாள் லாயத்தில் செயல்விளக்கம்.

என் கவலையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் நிர்வாகிக்கு ஏற்காடு அடிவாரத்தில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போய் ஒரு குதிரையைப் பிடித்து வந்துவிட்டால் நாமே தொடங்கிவிடலாம் என்கிறார். நல்ல மனது, ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. பெற்றோர்களோ செல்பேசியில் வீடியோவைக் காட்டி, "என் பிள்ளையும் இப்படி நிமிர்ந்து உட்காருவானா டீச்சர்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு நேர்மையான பதிலோடு நான் திரும்பி வர வேண்டும். போய் வந்தவர்கள் வழிகாட்டுங்கள்.

சேர்வராயன் சாரல்:

வணக்கம் தங்கையே. நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தரும் சிகிச்சையாளர். ஏற்காட்டில் வீடு, சேலத்தில் வேலை. இத்தகைய மாநாடுகளுக்குப் போய் வந்தவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஹிப்போதெரபி அரங்கில் கூட்டம் அலைமோதும். முதல் அமர்வுக்கு மட்டும் போய்விட்டு எழுந்துவிடுங்கள். அது எங்களைப் போன்றவர்களும் பிசியோதெரபிஸ்டுகளும் பேச்சுப் பயிற்சியாளர்களும் தங்கள் சிகிச்சைக்குள் பயன்படுத்துகிற முறை. குதிரை நடக்கும்போது அதன் முதுகு முன்னும் பின்னும், பக்கவாட்டிலும், லேசான சுழற்சியோடும் அசைகிறது. மேலே இருப்பவரின் இடுப்பு, நாம் நடக்கும்போது அசைவதைப் போலவே அசைந்து கொடுக்கிறது. தானாக நடந்தறியாத பெருமூளை வாதக் குழந்தையின் உடலுக்கு நடையின் தாளம் இப்படித்தான் கிடைக்கிறது. எப்போது வேகத்தைக் கூட்டுவது, எப்போது நிறுத்துவது, குழந்தையை எந்தத் திசை பார்த்து உட்கார வைப்பது என்று தீர்மானிப்பவர் தெரபிஸ்ட்.

உங்களுக்கான விஷயம் கற்றல் அரங்கில் இருக்கிறது. அங்கே பல குழந்தைகள் குதிரை மேல் ஏறுவதே இல்லை. தேய்த்துவிடுகிறார்கள், கொள்ளு வைக்கிறார்கள், கயிற்றைப் பிடித்து நடத்துகிறார்கள், தங்கள் முறை வரும்வரை காத்திருக்கிறார்கள். பேசத் தயங்கும் பிள்ளைக்கு "நட" என்று சொல்லவோ கையால் காட்டவோ ஒரு காரணம் கிடைக்கிறது. இதை வகுப்பறைப் பாடத்தோடு எப்படி இணைப்பது, முன்னேற்றத்தை எப்படிக் குறித்துவைப்பது என்று கேளுங்கள். உங்கள் மையத்துக்கு வந்து உதவப்போவது அந்தப் பதில்கள்தான்.

மேடையில் லிஸ் ஹார்டெலின் கதை வந்தாலும் வரும். போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த டென்மார்க் பெண்மணி, 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளி வென்றார். கேட்கும்போது கண் கலங்கும். ஆனால் அவர் நோய் வருவதற்கு முன்பே தேர்ந்த வீராங்கனை. உங்கள் பெற்றோரிடம் இந்தக் கதையை மட்டும் சொல்லி நம்பிக்கை ஊட்டாதீர்கள். ஆய்வைக் கேளுங்கள். ஆட்டிசம் உள்ள 6 முதல் 16 வயதுப் பிள்ளைகள் 127 பேரை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. 2015இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு 10 வாரம் குதிரையேற்றம், இன்னொரு பிரிவுக்கு அதே லாயத்தில் உயிருள்ள குதிரை இல்லாமல் பயிற்சி. ஏறியவர்களிடம் எரிச்சலும் அமைதியின்மையும் குறைந்தன, பேச்சு கூடியது. இப்படி ஒப்பீட்டுப் பிரிவு வைத்த ஆய்வா, வெறும் அனுபவக் கதையா என்று ஒவ்வொரு பேச்சாளரிடமும் கேட்கலாம். கூச்சப்பட வேண்டாம்.

இனி லாயம். அங்கே முன்வரிசையில் நில்லுங்கள். நான் பார்த்த ஒரு செயல்விளக்கத்தைச் சொல்கிறேன். வயதான பழுப்புப் பெண் குதிரை. முன்னால் கயிறு பிடித்து ஒருவர், இரு பக்கமும் குழந்தையின் தொடையை அணைத்துப் பிடித்தபடி இருவர், கூடவே தெரபிஸ்ட். சேணம் இல்லை, மெத்தை விரிப்பு மட்டும். குழந்தையை வால் பக்கம் பார்த்து உட்கார வைத்து, இரு உள்ளங்கைகளையும் குதிரையின் பின்முதுகில் ஊன்றச் செய்தார்கள். இறுகி மூடியிருந்த விரல்கள் சில சுற்றுகளில் விரிந்தன. எல்லோரும் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தபோது, கயிறு பிடித்தவர் மட்டும் குதிரையின் காதுகளைக் கவனித்தார். அவை பின்னால் மடிந்தன, வால் விசுக்கென்று அடித்தது. அவர் கை தூக்கியதும் தெரபிஸ்ட் மறுபேச்சின்றிக் குழந்தையை இறக்கிவிட்டார். பார்வையாளர் முகங்களில் ஏமாற்றம். எனக்கோ அந்த இடத்தின் மீது முழு மரியாதை வந்தது. நீங்கள் போகும் இடத்தில், குதிரைக்காரர் "போதும்" என்றால் நிறுத்துகிறார்களா என்று பாருங்கள்.

யாரை ஏற்றக் கூடாது என்ற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையே தளர்வு இருக்கலாம், மருத்துவர் சோதிக்காமல் ஏற்றக் கூடாது. கட்டுப்படாத வலிப்பு, இடுப்பு மூட்டு விலகல், கடுமையான முதுகெலும்பு வளைவு இருந்தாலும் எச்சரிக்கை தேவை. இதற்குப் பதில் சொல்லத் தடுமாறுகிறவரிடம் வேறெதையும் கேட்காதீர்கள்.

பவானிக்கரை:

டீச்சர், எங்கள் குடும்பத்தில் தாத்தா காலத்திலிருந்து குதிரை வளர்க்கிறோம். அந்தியூர்ச் சந்தை எங்களுக்குத் திருவிழா. மார்வாரி, கத்தியவாரி என்று அழகழகான குதிரைகள் வரும், பார்த்தால் மனசு நிறையும். ஆனால் உங்கள் வேலைக்கான குதிரையை அங்கே ஒரே பார்வையில் தேர்ந்தெடுக்க முடியாது. கல்யாண ஊர்வலத்துக்கு மேளத்துக்கு ஏற்ப ஆடப் பழக்கியவையும் அங்கே வரும். காலைத் தூக்கித் தூக்கி வைக்கும் நடை. சாரல் அக்கா சொன்ன சீரான தாளத்தை அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். காயடிக்காத ஆண் குதிரை வேண்டவே வேண்டாம். காயடித்ததோ, நிதானமான நடுவயதுப் பெண் குதிரையோதான் சரி. அதுவும் சக்கர நாற்காலி, குழந்தையின் திடீர் அலறல், குடை விரியும் சத்தம் எல்லாவற்றுக்கும் மாதக்கணக்கில் பழக்க வேண்டும்.

பராமரிப்பு அரங்கை விட்டுவிடாதீர்கள் என்பது என் வேண்டுகோள். கொள்ளு, தவிடு, பசும்புல், லாடம் அடிப்பவர் கூலி, மருத்துவர் செலவு என்று வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் போகும். சேலத்துச் சித்திரை வெயிலில் நிழலும் தண்ணீரும் இல்லாவிட்டால் குதிரை தாங்காது. வயிற்றுவலி வந்தால் சில மணி நேரத்தில் உயிரே போய்விடும், அதனால் குதிரை வைத்தியம் தெரிந்த மருத்துவர் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறார் என்று பார்த்துவிட்டு நிலத்தைப் பற்றிப் பேசுங்கள். வாங்குமுன் கிளாண்டர்ஸ் என்ற குதிரைத் தொற்றுநோய்க்கு ரத்தப் பரிசோதனை கட்டாயம். அது மனிதருக்கும் தொற்றும். அடிவார நிலம் சரிவாக இருந்தால் மணல் பரப்பிய சமதளம் ஒன்று அமைக்க வேண்டியிருக்கும்.

கன்னங்குறிச்சி அம்மா:

என் மகனுக்கு ஆட்டிசம். வேறு ஊரில் ஓரிடத்துக்கு அழைத்துப் போனோம். அவன் ஏற மாட்டேன் என்று அழுதான், அவர்களும் வற்புறுத்தவில்லை. தூரிகையைக் கையில் கொடுத்தார்கள். தலைவாரக்கூட விடாத பிள்ளை, குதிரையின் பிடரியை மேலிருந்து கீழாக ஒரே சீராக வாரிவிட்டான். அதன்பின் வீட்டில் என்னையும் வார விடுகிறான். வேறு பெரிய மாற்றம் எதுவும் இல்லை, எனக்கு இதுவே பெரிது.

டீச்சர், ஒன்றைக் கேட்டு வாருங்கள்: மாதம் ஒருமுறைதான் அழைத்து வர முடியும் என்ற குடும்பத்துக்கு இதனால் பயன் உண்டா? இல்லை என்றால் இல்லை என்றே சொல்லட்டும். வாடகை வண்டிக்குக் கொடுக்கும் பணத்தைப் பேச்சுப் பயிற்சிக்காவது கொடுப்போம்.

அம்மாபேட்டை ஆசிரியை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சாரல் அக்காவின் பதிலையும் பவானிக்கரை அண்ணனின் செலவுக் கணக்கையும் அச்செடுத்து நிர்வாகியிடம் கொடுத்தேன். முழுவதும் படித்தார். இந்த ஆடிக்குச் சந்தைக்குப் போவதில்லை என்று முடிவாகிவிட்டது. அதற்குப் பதிலாக, மாநாட்டில் நல்ல லாயம் நடத்துகிறவர்கள் யாராவது தென்பட்டால் அவர்களோடு சேர்ந்து நம் பிள்ளைகளை அழைத்துப் போக முடியுமா என்று கேட்டு வரச் சொல்லியிருக்கிறார்.

முதல் நாள் கற்றல் அரங்கு, மறுநாள் காலை பராமரிப்பு, பிறகு லாயம் என்று பதிவு செய்திருக்கிறேன். கன்னங்குறிச்சி அம்மா, உங்கள் கேள்விதான் என் குறிப்பேட்டில் முதல் கேள்வி. பதிலை இங்கேயே எழுதுகிறேன்.

அக்கா, ஏற்றுவதற்கு முன் மருத்துவரிடம் வாங்க வேண்டிய சான்றுப் படிவம் தமிழில் உங்களிடம் இருக்கிறதா? எங்கள் பெற்றோர் பலருக்கு ஆங்கிலம் படிக்க வராது.