அந்தமான் புள்ளிமான்கள்: மரக்கன்றுகள் ஏன் தலையெடுப்பதில்லை?

தீவுக்காரன்:
ராஸ் தீவுக்கு (இப்போது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு) போகும்போதெல்லாம் ஒன்று உறுத்துகிறது. பெரிய மரங்களுக்குக் குறைவில்லை, ஆனால் அடியில் தரை வெறிச்சோடிக் கிடக்கிறது, மானுக்கு எட்டுகிற உயரம் வரை இலையே இல்லை. மான் மேய்ந்தால் செடி வகைகள் பெருகும் என்று சிலர், அழியும் என்று சிலர். எதை நம்புவது?

காட்டுவழி:
புள்ளிமான் அந்தமானுக்கு உரிய விலங்கே கிடையாது. போன நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்டது. புலி, சிறுத்தை, செந்நாய் எதுவும் அங்கே இல்லாததால் பெருகி, கடலில் நீந்தியே பக்கத்துத் தீவுகளுக்கும் போய்விட்டது. அங்குள்ள செடிகள் இப்படியொரு வாயைக் கண்டதே இல்லை.

புல் என்பது தரையை ஒட்டிய அடிப்பகுதியிலிருந்து வளர்வது, நுனியைக் கடித்தால் மறுபடி வரும். மரக்கன்று நுனியில் வளர்கிறது. நுனி போனால் பக்கக்கிளை விடப் பார்க்கும், அதையும் கடித்தால் முழங்கால் உயரத்திலேயே நின்று நின்று செத்துவிடும். அப்புறம் கிழட்டு மரம் ஒன்று சாய்ந்தால் அந்த இடத்தைப் பிடிக்கக் கன்று இருக்காது, மான் தொடாத ஒன்றிரண்டு செடிகள்தான் பரவும். காடு பச்சையாகவே தெரிவதால் யாருக்கும் உறைப்பதில்லை, எனக்கு அதுதான் பெரிய கவலை.

கிண்டிவாசி:
ஒத்துக்கொள்கிறேன், ஆனால் மேய்ச்சல் என்றாலே கெடுதல் என்று முடித்துவிடாதீர்கள். கிண்டி தேசியப் பூங்கா மூன்று சதுர கிலோமீட்டர்கூட இல்லை. அங்குள்ள வெளிமானுக்கு வெட்டவெளிப் புல்தரை வேண்டும், புதரும் மரமும் ஏற ஏற அதன் இடம் சுருங்குகிறது. புல்வெளியில் அளவாக மேய்ந்தால் உயரமான புல் அடங்கி, வெயில் தரைக்கு இறங்கி, சின்னச்சின்னப் பூண்டுகளும் பிழைக்கும். இன்னொரு பக்கம், முதுமலையில் உண்ணிச்செடி என்கிற களையை மான் பெரும்பாலும் சீண்டாது, சுற்றியிருக்கிற நல்ல செடிகளைத்தான் தின்னும். அதனால் மேய்ச்சலே களைக்கு வழிவிடுவதும் உண்டு. எந்த நிலம், எத்தனை மான், கொன்று தின்ன விலங்கு உண்டா, இவற்றைக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

தீவுக்காரன்:
சரி, எங்கள் தோட்டத்துக்குப் பின்னால் உள்ள காட்டோரத்திலும் மான் வருகிறது. அங்கே கன்று வராததற்கு மான்தான் காரணமா, இல்லை நிழலா, எப்படிக் கண்டுபிடிப்பது?

காட்டுவழி:
வேலி போட்டுப் பாருங்கள் தம்பி. உங்கள் நிலத்துக்குள்ளேயே, ஒரே மண், ஒரே நிழல் உள்ள இரண்டு துண்டு எடுத்து, ஒன்றுக்கு மட்டும் ஆள் உயரத்துக்கு மேலே கம்பிவலை கட்டுங்கள், குட்டையாகக் கட்டினால் தாண்டிவிடும். இரண்டிலும் என்னென்ன கன்று முளைக்கிறது, எவ்வளவு உயரம் வருகிறது என்று மாதாமாதம் குறியுங்கள். வலைக்குள்ளேயும் ஒன்றும் எழவில்லை என்றால் நிழலையோ விதை வராததையோ சந்தேகப்படலாம். மே மாதம் மழை பிடிக்கும் முன் வலையைக் கட்டிவிட்டால் இந்த வருடத்து முளைப்பு வீணாகாது.