வேளாண் மண்டலச் சட்டம் கடலுக்கும் பொருந்துமா?

பாம்பன்காற்று:
2020ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் தடுக்கிறதே, அது கடலையும் காப்பாற்றுமா? மன்னார் வளைகுடாவை ஒட்டிய ஆழ்கடல் பகுதி எண்ணெய், எரிவாயு எடுக்க ஏலத்துக்கு வந்ததிலிருந்து எங்கள் ஊரில் இதே பேச்சுதான். 21 தீவும் பவளப்பாறையும் கடற்பசுவும் இருக்கிற கடல் இது.

நாகைவலை:
காப்பாற்றாது அண்ணே. அந்தச் சட்டம் நிலத்துக்குத்தான். கடலடிக் கனிமம் அரசியலமைப்பின் 297ஆவது பிரிவுப்படி ஒன்றிய அரசுடையது. 12 கடல் மைல் வரை மீன்பிடியைக் கவனிப்பது மாநிலம். மேலே ஓடும் மீன் ஒருவர் பொறுப்பு, கீழே இருக்கும் எண்ணெய் இன்னொருவர் பொறுப்பு, நடுவில் நாம்.

இன்னொன்று, 2020 ஜனவரியில் சுற்றுச்சூழல் விதியைத் திருத்தி எண்ணெய், எரிவாயு இருக்கிறதா என்று பார்க்கத் தோண்டும் ஆய்வுக் கிணறுகளை, அனுமதி நடைமுறை எளிதான பி2 பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அதனால் அந்தக் கட்டத்தில் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமே தேவையில்லை. எனக்கு இதுதான் பெரிய அநியாயமாகத் தெரிகிறது.

கட்டுமரம்:
கிணறு வரும் முன்பே பாதிப்பு தொடங்கிவிடும். எண்ணெய் தேடும் கப்பல் பின்னால் இழுத்துப்போகும் காற்றுத் துப்பாக்கிகள், கடலடியில் என்ன இருக்கிறது என்று எதிரொலியால் அறிய, சில விநாடிக்கு ஒருமுறை அழுத்தக் காற்றை வெடிச்சத்தத்தோடு கடலுக்குள் விடும். 1990களில் நார்வேக்கு வடக்கே பேரன்ட்ஸ் கடலில் சோதித்தபோது ‘காட்’ (cod) என்ற மீனின் பாடு வெகுவாகக் குறைந்தது.

எண்ணூர்க்கரை:
2017ல் கப்பல் மோதி எண்ணெய் கசிந்தபோது வாளியில் அள்ளினோம். 2023 மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து கழிமுகமே கறுத்தது, வலை, படகு எல்லாம் வீணானது. இப்போதே கிராமசபையில் தீர்மானம் போட்டு மீன்வளத்துறைக்கு அனுப்புங்கள்.

பாம்பன்காற்று:
சரி, அடுத்த கிராமசபையில் வைக்கிறோம். தீர்மான மாதிரி இருந்தால் யாராவது பகிருங்கள்.