வீட்டுக்கு செயின்சா: எதை வாங்கலாம், எப்படிப் பிடிக்க வேண்டும்?

புதுக்கை:
வீட்டுக்குப் பின்னால் காற்றில் சாய்ந்த மரம் ஒன்று கிடக்கிறது. அடிமரம் ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைவான தடிமன். கை ரம்பத்தால் இரண்டு நாள் அறுத்துப் பார்த்தேன், தோள்வலிதான் மிச்சம். இதை முடித்த பிறகும் வருஷத்துக்கு நாலைந்து தடவை கிளை வெட்டும் வேலை இருக்கும். பெட்ரோலா, பேட்டரியா? பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) எத்தனை அங்குலம்? செயின்சாவை இதுவரை தொட்டதே இல்லை, பயமாகத்தான் இருக்கிறது.

மரத்தூள்:
நாலைந்து தடவைதான் என்றால் பேட்டரியே போதும். பெட்ரோல் மெஷினில் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலக்க வேண்டும் (இப்போது வரும் பலவற்றுக்கு லிட்டருக்கு 20 மில்லி, ஆனால் உங்கள் மெஷினின் கையேடு சொல்வதுதான் கணக்கு), மாசக்கணக்கில் சும்மா வைத்தால் மீந்த பெட்ரோல் கார்புரேட்டரில் பிசினாகிவிடும், அப்புறம் கயிற்றை இழுத்து இழுத்தே கை ஓய்ந்துவிடும்.

பார் 14 அங்குலம் போதும். மரத்தின் தடிமனைவிட இரண்டு அங்குலம் கூட இருந்தால் சரி. நீளமாக வாங்கினால் முன்பக்கம் கனத்து, புதுக் கைக்கு அடங்காது. வாங்கும்முன் பேட்டரியைப் போட்டுத் தூக்கிப் பாருங்கள். செயின் பிரேக் (மெஷின் எகிறினால் செயினைச் சட்டென்று நிறுத்துவது) இல்லாத மெஷினைத் தொடவே வேண்டாம். பேட்டரி மெஷினுக்கும் பார் ஆயில் வேண்டும், தொட்டி காலியானால் செயினும் பாரும் தேய்ந்துபோகும்.

கிளைவெட்டி:
மெஷினைவிட முக்கியம் கிக்பேக். பார் மூக்கின், அதாவது அதன் நுனியின், மேல் பாதி எதிலாவது பட்டால் செயின் அதைக் கவ்வி, மெஷின் முழுவதும் உங்கள் முகத்தை நோக்கி எகிறும். எனக்கு நடந்திருக்கிறது. ஒரு கிளையை அறுத்துக்கொண்டிருந்தேன், அதற்குப் பின்னால் இருந்த இன்னொரு கிளையை மூக்கு தொட்டதை நான் பார்க்கவேயில்லை. என்ன நடந்தது என்று புரிவதற்குள் பிரேக் விழுந்து செயின் நின்றிருந்தது. இடது கட்டைவிரல் முன்பிடியைச் சுற்றி அடியில் இருந்ததால்தான் மெஷின் கையைவிட்டுப் போகவில்லை. விரலை மேலே வைத்துப் பிடிக்கும் பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது, தயவுசெய்து அது வேண்டாம். பாரின் நேர்க்கோட்டில் தலை இருக்கக் கூடாது, கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி நில்லுங்கள். தோளுக்கு மேலே அறுக்காதீர்கள், ஏணிமேல் ஏறி அறுக்கவே அறுக்காதீர்கள்.

கண்ணாடி, காதடைப்பான், பூட்ஸ் கட்டாயம். தொடைக் கவசமும் வாங்குங்கள். செயின் பட்டால் அதிலுள்ள நீள இழைகள் பற்சக்கரத்தில் சுற்றி அதை நிறுத்தும். ஆனால் மோட்டாரின் இழுவை வேறு மாதிரி என்பதால், பேட்டரி மெஷினை அது அவ்வளவு நிச்சயமாக நிறுத்தாது. அதனால் கவசம் இருக்கிறது என்ற தைரியத்தில் காலருகே கொண்டுபோகாதீர்கள்.

புதுக்கை:
ரொம்ப நன்றி. அடிமரத்தின் இரண்டு முனையும் மேட்டில், நடுவில் அந்தரம். மேலிருந்து அறுத்தால் பார் மாட்டிக்கொள்ளாதா?

மரத்தூள்:
மாட்டிக்கொள்ளும். நடுவில் தொங்கும் மரத்தின் மேல்பக்கம் நெருக்கும், அடிப்பக்கம் இழுபடும். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு மட்டும் அறுத்து, மிச்சத்தை அடியிலிருந்து மேல்நோக்கி அறுங்கள். அடியிலிருந்து அறுக்கும்போது மெஷின் உங்கள் பக்கம் தள்ளும், எதிர்பார்த்து ஊன்றி நில்லுங்கள். ஒரு முனை மட்டும் தாங்கலில் இருந்தால் வரிசை தலைகீழ், முதலில் அடி, பிறகு மேல். சரிவாக இருந்தால் மேட்டுப்பக்கம் நில்லுங்கள், துண்டு உருளும்.

அரம்:
ஒன்றை யாரும் சொல்லவில்லை. செயின் கூர் இருந்தால் மரம் சீவலாக விழும், மாவாகக் கொட்டினால் மழுங்கிவிட்டது என்று அர்த்தம், அப்போதுதான் ஆள் மெஷினைப் போட்டு அமுக்குவார், விபத்தும் அங்கேதான். ஒரு முறை மண்ணில் பட்டாலே கூர் போய்விடும். சின்ன மெஷின் செயின் பலவற்றுக்கு 4 மில்லிமீட்டர் உருட்டு அரம், உங்களுடையதற்கு எது என்று கையேட்டில் இருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, கையுறையோடு, உள்ளிருந்து வெளிப்பக்கமாக மட்டும் தீட்டுங்கள். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. ஒரு பக்கம் அதிகம் தீட்டினால் அறுப்பு வளைந்து போகும்.

அடிமரத்தைக் கடைசிக்கு வையுங்கள். முதல் நாள் தரையில் கிடக்கும் மெல்லிய கிளைகள் மட்டும்.