செட் ஆகாத தயிரும் செட் தோசையும்

குன்னூர்க்காரி:
இங்கே குடிவந்த முதல் டிசம்பர். ராத்திரி பாலில் உறை ஊற்றி வைத்தால் விடிந்தும் பால் பாலாகவே இருக்கும். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத பக்கத்து வீட்டுப் பாட்டி பாத்திரத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "செட் ஆகலையேம்மா, கம்பளியைச் சுத்தி அரிசி டிரம்முக்குள்ள வை" என்றார். தோயவில்லை, உறையவில்லை என்று நம்மிடமே சொல் இருக்க, இது எப்படி அவர் வாயில் ஏறியது என்று தேடப் போய் மாட்டிக்கொண்டேன். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் 1989 பதிப்பில் இந்த ஒரு வினைச்சொல்லுக்கே 430 பொருள், விளக்கம் மட்டும் ஏறக்குறைய 60,000 சொற்கள்! (பிற்பாடு 'ரன்' 645 பொருளோடு முந்திவிட்டது.) மூலம் என்னவோ எளிதுதான், பழைய ஆங்கிலத்தில் 'உட்கார்' என்பதன் பிறவினை, அதாவது உட்கார வைப்பது. நாம் இரு, இருத்து என்பதில்லையா, அப்படி. ஆனால் செட் தோசையின் செட் இந்தக் குடும்பமே இல்லை, அது லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த பெயர்ச்சொல். உங்களுக்கும் இப்படி ஏதாவது மாட்டியிருக்கிறதா?

கொடைக்கானல் வாசி:
மாடிக்குத் தளம் போட்டபோது கொத்தனார் சென்ட்ரிங்கைப் பிரிக்கவே விடவில்லை. "கீழ பழனியில்னா பிரிச்சிருப்பேன், இந்தக் குளிருக்கு சிமெண்ட் சீக்கிரம் செட் ஆகாது சார்." அதே வாரம் தம்பிக்குப் பார்த்த பெண் வீட்டிலிருந்து போன், மலை ஊர் அவர்களுக்கு செட் ஆகாதாம்! இந்த இடத்தில் வெள்ளைக்காரன் 'சூட்' என்பான். இந்தப் பொருள் நாம் போட்டுக்கொண்டது.

கோத்தகிரிக்காரன்:
அப்பாவுக்குக் கூப்பில், அதாவது காட்டில் மரம் வெட்டும் இடத்தில் வேலை, வீட்டில் எந்நேரமும் சீகை மரம், ஃபெல்லிங் என்றே பேச்சு. ஏழாம் வகுப்பில் மரங்களை வெட்டினார்கள் என்பதற்கு 'ஃபெல்டு' என்று எழுதினேன். 'ஃபால்' இறந்தகாலத்தில் 'ஃபெல்', அப்புறம் எதற்கு 'டு' என்று சிவப்பு மையில் சுழித்து அரை மார்க்கைக் குறைத்துவிட்டார்கள். அதுவும் நீங்கள் சொன்ன பிறவினை வகைதான், விழு, வீழ்த்து மாதிரி. மரம் தானாக விழுந்தால் ஃபெல், நாம் வீழ்த்தினால் ஃபெல்டு. அந்த அரை மார்க்கை இப்போது யாரிடம் போய்க் கேட்பது?

குன்னூர்க்காரி:
கேளுங்கள், விடாதீர்கள். டிரம் யோசனை பலித்தது, ஆனால் தயிர் தோய மறுநாள் பதினொரு மணி ஆகிவிட்டது.