கார்பைடு மேல் பிளாட்டினம் படிய வைத்தவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

விலை உயர்ந்த பிளாட்டின வினையூக்கியைச் சிக்கனமாகப் பயன்படுத்த, டங்ஸ்டன் கார்பைடு (டங்ஸ்டனும் கார்பனும் சேர்ந்த சேர்மம்) மேல் மெல்லிய பிளாட்டினம் ஏற்ற வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, எந்த முறையில் படிய வைக்கலாம் என்பதுதான். என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. பிளாட்டினம் போய் உட்காரும் நேரத்தில் அடியில் இருப்பது உண்மையிலேயே கார்பைடுதானா? அதை முதலில் பாருங்கள்.

1973-ல் லெவி, பூடார் என்ற இரு ஆய்வாளர்கள் டங்ஸ்டன் கார்பைடு சில வினைகளில் பிளாட்டினம் போலவே நடந்துகொள்கிறது என்று எழுதினார்கள். 2010-ல் டெலவேர் பல்கலைக்கழகத்தில் ஜிங்குவாங் சென் குழு அதன் மேல் ஓர் அணு அடுக்கு அளவுக்குப் பிளாட்டினம் வைத்து, அமிலத்தில் மின்சாரத்தால் ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றும் வினையில் முழுப் பிளாட்டினத்துக்கு ஈடான செயல்பாட்டைக் காட்டியது. மேற்பரப்பில் இருக்கும் அணுதான் வேலை செய்கிறது. உள்ளே புதைந்து கிடக்கும் விலை உயர்ந்த அணுக்களின் இடத்தைக் கார்பைடு எடுத்துக்கொள்ளலாம். இந்தத் துறையின் ஆசையே அதுதான்.

ஆனால் கார்பைடு காற்று பட்டதும் ஆக்சைடைப் போர்த்திக்கொள்ளும். எங்கள் ஆய்வகத்தில், ஃபர்னஸ் (சூளை) முழுவதும் ஆறுவதற்குள் காற்று பட்ட கார்பைடு ஃபாயில் (மெல்லிய தகடு) துண்டு ஒன்று கிடந்தது. அதில் பிளாட்டினம் ஏற்றி சல்ஃப்யூரிக் அமிலத்தில் இறக்கி, மின்னழுத்தத்தை எதிர்ப்பக்கம் கொண்டுபோனோம். ஓரத்தில் தொடங்கி ஃபாயில் நீலமாக மாறியது. மறுபடி நேர்ப்பக்கம் ஏற்றியதும் நீலம் வெளுத்துப்போனது. அமிலத்திலிருந்து பிளாட்டினத்தில் உருவாகும் ஹைட்ரஜன் டங்ஸ்டன் ஆக்சைடுக்குள் புகுந்து வெளியே வருவதைக் கண்ணாலேயே பார்க்கிறோம்.

பார்க்க அழகுதான், ஆனால் கணக்கைக் கெடுத்துவிடும். ஹைட்ரஜன் ஒட்டும் பகுதியின் மின்னூட்டத்தை வைத்துப் பிளாட்டினத்தின் பரப்பைக் கணக்கிட்டால், ஆக்சைடுக்குள் போன ஹைட்ரஜனும் அதில் சேர்ந்துகொள்ளும். பரப்பு இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். சரி, கார்பன் மோனாக்சைடை ஒட்டவைத்து எரித்துப் பார்க்கலாம் என்றால், அது எரியும் மின்னழுத்தமும் கார்பைடு ஆக்சைடாகத் தொடங்கும் மின்னழுத்தமும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வருகின்றன. அதனால் நான் எக்ஸ்பிஎஸ் (எக்ஸ் கதிர் பாய்ச்சி, மேற்பரப்பில் எந்தச் சேர்மம் இருக்கிறது என்று பார்க்கும் சோதனை) எடுக்காமல் எந்த எண்ணையும் நம்புவதில்லை. அதில் டங்ஸ்டனின் 4எஃப் எலெக்ட்ரான்கள் தரும் உச்சி 32 எலெக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி இருந்தால் கார்பைடு. 36-ஐ ஒட்டி இன்னொன்று எழும்பியிருந்தால் ஆக்சைடு வந்துவிட்டது.

படிய வைக்கும் முறையைப் பொறுத்தவரை, தட்டையான ஃபாயிலுக்கு வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படிய வைப்பதே நேர்மையான வழி என்பேன். ஏஎல்டி-யில் (வாயுக்களை மாறி மாறி விட்டு அடுக்கடுக்காகப் படிய வைக்கும் முறை) முதல் சில சுற்றுகளில் பிளாட்டினம் விரிப்பாகப் படராது, தீவு தீவாகத்தான் முளைக்கும். அதோடு வழக்கமான செய்முறையில் 300 டிகிரி செல்சியஸ் வாக்கில் ஆக்ஸிஜன் விட வேண்டும். அந்தச் சூட்டில் கார்பைடு சும்மா இருக்குமா?

* * *

மேலே எழுதியவர் சொன்னதோடு நானும் இன்னொன்றைச் சேர்க்க வேண்டும். அளக்கும்போது கவுண்டர் எலெக்ட்ரோடு (சோதிக்கும் துண்டுக்கு எதிரே மின்சுற்றை முடிக்க வைக்கும் மின்முனை) எது என்று பாருங்கள். புதிதாக வந்த மாணவர்களுக்குக் காட்டுவதற்காகவே, பிளாட்டினமே ஏற்றாத வெறும் கார்பைடை பிளாட்டினக் கம்பிக்கு எதிரே வைத்து அமிலத்தில் நெடுநேரம் ஓட்டினோம். போகப் போக மின்னோட்டம் ஏறிக்கொண்டே போனது. டாஃபெல் சரிவும் (மின்னோட்டம் பத்து மடங்காகக் கூடுதலாகத் தேவைப்படும் மின்னழுத்தம்) இறங்கி, பிளாட்டினத்துக்கே உரிய 30 மில்லிவோல்ட் பக்கம் நகர்ந்தது. கம்பியிலிருந்து கரைந்த பிளாட்டினம் வந்து கார்பைடில் படிந்துவிட்டது, அவ்வளவுதான். கிராஃபைட் தண்டுக்கு மாற்றி, புதுத் துண்டு போட்டதும் அந்த ஏற்றம் காணாமல் போனது.

ஓர் அணு அடுக்கைப் பற்றிப் பேசுகிற ஆராய்ச்சியில் இது சின்ன விஷயம் இல்லை. வேண்டுமென்று ஏற்றியதும் தானாக வந்து சேர்ந்ததும் ஒரே அளவில் இருக்கும்போது எதை எதன் கணக்கில் எழுதுவது? கட்டுரையில் கவுண்டர் எலெக்ட்ரோடு எது என்று சொல்லாவிட்டால் நான் முடிவுரைக்குப் போவதே இல்லை.

* * *

முதலில் எழுதியவரைப் போல நான் ஃபாயிலில் வேலை செய்வதில்லை, கார்பைடு பொடியில்தான். பொடியில் வேறு தொல்லை. மீத்தேனில் கார்பைடாக்கும்போது அதிகப்படியான கார்பன் கரியாக மேலே படிந்துவிடுகிறது. அப்புறம் பிளாட்டினம் அந்தக் கரியில் போய் உட்கார்ந்தால் வெறும் கார்பன் மேல் பிளாட்டினம் ஏற்றுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? துகள்களும் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகின்றன.

2016-ல் எம்ஐடி-யில் ரோமான்-லெஷ்கோவ் குழு இதைத் தலைகீழாக அணுகியது. பிளாட்டினத்தைக் கடைசியில் ஏற்றாமல், உலோக ஆக்சைடையும் பிளாட்டின உப்பையும் முதலிலேயே சிலிக்கா உறைக்குள் வைத்து ஒன்றாகக் கார்பைடாக்கினார்கள். பிளாட்டினம் கார்பைடோடு கலக்காது என்பதால் அது தானாகவே வெளியே வந்து போர்வையாக அமைகிறது. சிலிக்கா இருப்பதால் துகள்களும் ஒட்டுவதில்லை. படிய வைப்பது என்ற தனி வேலையே இல்லாமல் போகிறது. எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது. கடைசியில் சிலிக்காவைக் கரைக்க ஃபுளோரைடு தேவைப்படுவதுதான் பயம். பாதுகாப்பு ஏற்பாடு முழுமையாக இல்லாத இடத்தில் தயவுசெய்து முயலாதீர்கள்.

ஃபுளோரைடு இல்லாமல் பொடியில் இதைச் செய்தவர்கள் யாராவது இருந்தால், மேல் கரியை ஹைட்ரஜனில் எந்த வெப்பத்தில், எவ்வளவு நேரத்தில் அகற்றினீர்கள் என்று எழுதுங்கள். கொஞ்சம் அதிகமானால் கரியோடு கார்பைடின் கார்பனும் போய்விடுகிறது. அந்த எல்லையைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.