போன் வீடியோவை அப்பாவோட பழைய டிவியில காட்டுறது எப்படி?

கேள்வி: தங்கச்சி கல்யாண வீடியோ என் போன்ல இருக்கு. டைப்-சி டு எச்டிஎம்ஐ கேபிள் மாட்டினேன். டிவி "நோ சிக்னல்"னு நிக்குது. கேபிள் டுபாக்கூரா?

பதில் 1: கேபிள் மேல பழி போடாதீங்க. டைப்-சி ஓட்டை இருந்தா மட்டும் படம் வராது. போன்ல டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் (டைப்-சி வழியா படத்தை வெளிய அனுப்புற வசதி) வேணும். ஐபோன் 15-ல இருக்கு. விலை குறைஞ்ச போன்கள்ல பெரும்பாலும் அது இருக்காது, சார்ஜுக்கும் ஃபைல் காப்பிக்கும் மட்டும் ஆகுற வெறும் யூஎஸ்பி 2.0தான்.

பதில் 2: குரோம்காஸ்ட் மாதிரி, வைஃபை வழியா போன் வீடியோவை டிவியில காட்டுற கருவி வாங்கிடுங்க.

கேட்டவர்: ஊர்ல வைஃபையே இல்லங்க. அப்பா வேற காலையில இருந்து "எப்பப்பா போடுவ"ங்கறார்.

பதில் 1: டிவி பின்னாடி யூஎஸ்பி இருக்கா? பென்டிரைவ்ல காப்பி பண்ணிச் சொருகுங்க. பென்டிரைவ் ஃபேட்32 ஃபார்மட்ல இருந்தா ஒரே ஃபைல் 4 ஜிபி தாண்டக்கூடாது. வீடியோ எச்.265-ன்னா (வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கிற புது முறை) பழைய டிவி முழிக்கும், பழைய முறையான எச்.264-க்கு மாத்திக்கோங்க.